அச்சம் விற்கும் அங்காடி

அச்சம், மனிதனுக்கு இயற்கை அமர்த்திக் கொடுத்த காவலாளி. பாம்பைக் கண்டு பின்வாங்கும் காலும் நெருப்பைத் தொட்டதும் விலகும் கையும் அவன் உயிரைக் காக்கவே அமைந்தவை. ஆயின் அந்தக் காவலாளியே பிறர் தரும் கூலிக்கு விலைபோய்விட்டால் வீட்டின் கதி என்னாகும்? இன்றைய செய்தி உலகில் நிகழ்ந்து வருவது இதுவே. அஞ்ச வேண்டாத ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டுவது, அஞ்ச வேண்டிய ஒன்றை அதன் நிழலில் மறைத்துவிடுவது, பிறகு அந்த அச்சத்தைக் காசாக்கிக்கொள்வது என்று ஒரு வாணிகமே செழித்து வளர்ந்திருக்கிறது.

இவ்வாணிகம் ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, அமெரிக்காவில் ஆயுதக் கட்டுப்பாடு குறித்துப் பல்லாண்டுகளாக நடந்துவரும் வாதத்தைப் போன்ற தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. அவ்வாதத்திலிருந்து பிறந்த படைப்புகளுள் பெரும்புகழையும் பெரும்பழியையும் ஒருங்கே பெற்றது, மைக்கேல் மூர் உருவாக்கிய ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ என்னும் ஆவணப்படம். 2002ஆம் ஆண்டு வெளிவந்த இப்படம் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசும், 2003 மார்ச்சில் ஆஸ்கார் விருதும் பெற்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில், அன்றைய ஆரவாரம் அடங்கியபின், அதன் நிறையையும் குறையையும் நிதானமாக எடைபோட முடிகிறது.

‘அமெரிக்கரின் துப்பாக்கிச் சண்டை நமக்கெதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். அச்சச் செய்திகள் யாருடைய முகத்தைக் காட்டி விற்கப்படுகின்றன என்பதை உலகெங்கும் அறிந்திருப்பவர்களுள் நாமும் ஒரு கூட்டத்தார். அந்த வாணிகம் நடக்கும் முறையைப் புரிந்துகொள்வது நமக்கு வீண் வேலை ஆகாது. தவிரவும், இந்தக் கதை அமெரிக்காவோடு முடிந்துவிடவில்லை. அதன் ஒரு கிளை, ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், ஜும்ஆவுக்காக மக்கள் கூடியிருந்த பள்ளிவாசலின் வாயில்வரை நீண்டது.

படமும் அதன் வினாவும்

1999 ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்திலுள்ள கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில், அங்கேயே படித்துவந்த மாணவர் இருவர் துப்பாக்கிகளுடன் நுழைந்து, 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தாமும் மாண்டனர். நாடு முழுவதும் தொலைக்காட்சியின் முன் உறைந்து உட்கார்ந்திருந்தது. ‘ஏன்?’ என்ற கேள்வி எழுந்தது. செய்தியாளர்கள் விடைகளை அள்ளி வழங்கினார்கள். வன்முறைத் திரைப்படங்கள் என்றனர். கணினி விளையாட்டுகள் என்றனர். மர்லின் மேன்சன் என்னும் பாடகரின் இசையே காரணம் என்றும் சாதித்தனர்.

மூர் இந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தட்டிப் பார்க்கிறார். அவர் துப்பாக்கியை அறியாதவரல்லர். மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரில் பிறந்து, இளமையில் குறிபார்த்துச் சுடுவதில் பரிசு வாங்கி, தேசிய ரைபிள் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தவர். வங்கியில் கணக்குத் தொடங்கினால் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுக்கும் விந்தையில் படம் தொடங்குகிறது. பின்னர் அவர் கனடாவுக்குள் நுழைகிறார். அங்கும் அதே திரைப்படங்கள் ஓடுகின்றன. அதே விளையாட்டுகளைப் பிள்ளைகள் ஆடுகின்றனர். வேட்டைத் துப்பாக்கிகள் இலட்சக்கணக்கில் வீடுகளில் இருக்கின்றன. எனினும் மக்கள் கதவைப் பூட்டாமல் இருக்கிறார்கள், கொலையும் குறைவு. அப்படியானால் வேற்றுமை எதில் இருக்கிறது?

அச்சத்தில் இருக்கிறது என்பது மூர் கண்ட விடை. மாலைச் செய்தியைத் திறந்தால் கொலை, மாற்றினால் கொள்ளை, அதையும் மாற்றினால் ஆப்பிரிக்காவிலிருந்து படையெடுத்து வரும் கொலைகாரத் தேனீக்கள்! அந்தத் தேனீக்கள் வந்து மக்களை அழித்தபாடில்லை. அச்சம் மட்டும் தங்கிவிட்டது. சமூகவியலறிஞர் பேரி கிளாஸ்னரை உடன் அழைத்துக்கொண்டு, இரவும் பகலும் தொலைக்காட்சியில் பயங்கரமாகக் காட்டப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியில் மூர் உலாவுகிறார். அவர்களை எவரும் ஒன்றும் செய்யவில்லை. கொலைகள் குறைந்துவந்த அதே ஆண்டுகளில் தொலைக்காட்சியில் கொலைச் செய்திகள் பன்மடங்கு பெருகின என்று படம் எடுத்துரைக்கிறது. அச்சம் கொண்டவன் வாங்குவான் என்பது அப்படத்தின் நடுநாடி. பழிசுமத்தப்பட்ட பாடகர் மேன்சனே இந்தக் கருத்தைச் சொல்லும் பேட்டி, படத்தின் சிந்தனைமிக்க பகுதிகளில் ஒன்று.

அறிஞர் ஒருவரின் எச்சரிக்கை

மூருக்கு நெடுநாள் முன்பே இதை ஆய்ந்து சொன்னவர் ஒருவர் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் கெர்ப்னர், 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்படும் வன்செயல்களை ஆண்டுதோறும் எண்ணிக் கணக்கெடுத்து வந்தார். வன்முறைக் காட்சியைப் பார்ப்பவன் வன்முறையாளனாகிறான் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கெர்ப்னர் வேறொன்றைக் கண்டார். நெடுநேரம் தொலைக்காட்சி பார்ப்பவர்களிற் பலரும் கொலைகாரர்கள் ஆவதில்லை. உலகமே கொலைகாரர்களால் நிறைந்திருக்கிறது என்று நம்பத் தொடங்குகிறார்கள். அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கிறார்கள். தமக்கு ஆபத்து நேரும் வாய்ப்பை மிகைப்படுத்திக் கொள்கிறார்கள். இதனை அவர் ‘கொடிய உலக நோய்’ என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தார். 1981இல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு முன் அவர் கூறிய கருத்து இன்றும் நினைக்கத்தக்கது: அஞ்சிய மக்களை ஆட்டிவைப்பது எளிது, அவர்கள் அடக்குமுறையைக்கூடத் தம் அச்சம் தீர்க்கும் மருந்தென்று வரவேற்பார்கள்.

பின்வந்த ஆண்டுகள் அவர் சொல்லை மெய்ப்பித்தன. அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வுத் துறைக் கணக்குப்படி, 1991இல் இலட்சம் பேருக்கு 758 என்றிருந்த வன்குற்ற விகிதம் 2014இல் ஏறக்குறைய 362 ஆகக் குறைந்துவிட்டது, பாதிக்கும் கீழே! ஆனால் கேலப் நிறுவனம் மக்களிடம் கருத்துக் கேட்டபோதெல்லாம், அந்தக் காலத்தின் பெரும்பாலான ஆண்டுகளில், ‘சென்ற ஆண்டைவிடக் குற்றம் பெருகிவிட்டது’ என்றே பெரும்பான்மையோர் விடையளித்து வந்தனர். தெருவில் குறைந்த குற்றம் திரையில் குறையவில்லை. மக்கள் திரையை நம்பினர்.

1995ஆம் ஆண்டில் நேர்ந்த ஒன்றையும் இங்கே நினைவுகூரலாம். ஈவிரக்கமற்ற சிறுவர் கூட்டம் ஒன்று அலையலையாக வரப்போகிறது என்று ஜான் டியூலியோ என்னும் பேராசிரியர் எழுதினார். ‘மாபெரும் வேட்டை விலங்குகள்’ என்று அச்சிறுவர்களுக்குப் பெயரும் இட்டார். பத்திரிகைகள் அதைப் பறைசாற்றின. பெரும்பாலான மாநிலங்கள், சிறுவரைப் பெரியோரைப் போல் விசாரித்துத் தண்டிக்கச் சட்டங்களைக் கடுமையாக்கின. அந்த அலை வரவேயில்லை. சிறுவர் குற்றம் குறைந்தது. கணிப்புப் பிழைத்துவிட்டது என்று பேராசிரியரே பின்னர் ஒப்புக்கொண்டார். சிறைக்குள் போன சிறுவர்களின் இளமையைத் திருப்பித் தர எவராலும் முடியவில்லை.

எவர் கையில் ஆயுதம்?

ஆயுதம் வைத்திருப்பது பற்றிய அமெரிக்க வாதம், 1791இல் அவர்களுடைய அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்தைச் சுற்றியே சுழல்வது. அது தனிமனிதனின் உரிமையே என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. உரிமை, சுதந்திரம் என்ற பெருஞ்சொற்கள் மேடையெங்கும் ஒலிக்கும். ஆனால் அச்சொற்களின் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கேள்வியை 1967ஆம் ஆண்டு வெளிச்சமாக்கியது.

அந்நாளில் கலிபோர்னியாவில் ‘கருஞ்சிறுத்தைகள்’ என்ற கறுப்பின இயக்கத்தார், காவலர்களின் கொடுமையைக் கண்காணிப்பதற்காகத் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தித் தெருக்களில் உலாவினர். அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அதைத் தடுக்கும் மசோதா வந்தபோது, மே 2ஆம் நாள், ஆயுதங்களுடனேயே மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் அவர்கள் சென்றனர். படங்கள் நாடெங்கும் பரவின. சில வாரங்களில் மசோதா சட்டமாயிற்று. அதில் கையொப்பமிட்ட ஆளுநர், பிற்காலத்தில் துப்பாக்கி உரிமையின் காவலராகப் போற்றப்பட்ட ரொனால்ட் ரேகன். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பதே பிறவிப்பயன் என்று பின்னாளில் நின்ற தேசிய ரைபிள் சங்கமும் அன்று அந்தச் சட்டத்தை ஆதரித்தது.

அந்தச் சட்டம் சரியா, தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிறைத்த துப்பாக்கியுடன் எவரும் நகர வீதியில் திரியாதிருப்பது நல்லதே. நம் கவனத்துக்குரியது வேறு. அதுவரை உரிமையாக இருந்தது, ஏந்திய கையின் நிறம் மாறியவுடன் ஆபத்தாகிவிட்டது. படங்களைப் பார்த்தவர்கள் துப்பாக்கியைக் கண்டு அஞ்சவில்லை. அதைப் பிடித்திருந்தவரைக் கண்டு அஞ்சினார்கள். அச்சத்தின் அடிப்படையில் செய்யப்படும் சட்டம் ஆயுதத்தை எடைபோடுவதில்லை, ஆளை எடைபோடுகிறது.

மூரின் படத்திலும் இந்த உண்மை இடம்பெறுகிறது. வெள்ளையரின் அச்சமே அமெரிக்க வரலாறு என்று கேலிச் சித்திரம் ஒன்றின் மூலம் சில நிமிடங்களில் அவர் சொல்லிவிடுகிறார். சிரிப்பும் வேதனையும் கலந்த பகுதி அது. ஆனால் அங்கேதான் படத்தின் முதற்குறையும் தலைகாட்டுகிறது.

வெட்டி ஒட்டிய உண்மை

கறுப்பின மக்களை வதைத்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தைச் சட்டம் அடக்கிய ஆண்டும், தேசிய ரைபிள் சங்கம் பிறந்த ஆண்டும் 1871 என்று அந்தச் சித்திரம் காட்டுகிறது. ஆண்டு உண்மையே. ஆயின் இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றே மற்றொன்றாக உருமாறியது போன்ற தோற்றத்தை அது விதைக்கிறது. அச்சங்கத்தை நியூயார்க்கில் தொடங்கியவர்கள், அடிமைமுறைக்கு எதிராக நின்ற வடபுலப் படையின் அதிகாரிகள். கிளானை ஒடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்ட யுலிசீஸ் கிராண்ட், பின்னர் அதே சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். பிற்காலத்தில் அச்சங்கம் எப்படி மாறியது என்பது வேறு. பிறப்பைத் திரிப்பது நேர்மையாகாது.

இதைவிடப் பெரிய குறை, சங்கத்தின் தலைவராயிருந்த நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் தொடர்பானது. ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்தில் மூஸா நபியாக வேடமிட்டவர் என்று நம் வாசகர் பலர் அவரை அறிவர். கொலம்பைன் காட்சிகள் முடிந்து, பார்ப்பவரின் கண்ணீர் காயும் முன்பே, ஹெஸ்டன் மேடையில் ஒரு பழங்காலத் துப்பாக்கியை உயர்த்தி, தம் உயிரற்ற கையிலிருந்துதான் அதைப் பறிக்கமுடியும் என்று முழங்குகிறார். அடுத்து, துயர்ப்பட்ட ஊருக்கு அருகிலுள்ள டென்வரில் சங்கம் கூட்டம் நடத்தியது என்று படம் தொடர்கிறது. இரத்தம் காய்வதற்குள் இப்படியும் பேசினாரா என்று பார்ப்பவர் கொதித்துப்போகிறார்.

உண்மையில் அந்த முழக்கம் டென்வரில் எழவில்லை. ஓராண்டுக்குப் பின், 2000 மே மாதத்தில், வட கரோலினாவின் சார்லட் நகரில், தமக்குப் பரிசாக வந்த துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது ஹெஸ்டன் பேசியது அது. டென்வரில், நகரத் தந்தையின் எதிர்ப்புக்குப் பின், சங்கம் தன் விழாக்களையெல்லாம் கைவிட்டு உறுப்பினர் கூட்டத்தை மட்டும் நடத்தியது. அதுவுமே கூடாதென்று வாதிடலாம், வாதிட இடமுண்டு. ஆனால் ஓராண்டு இடைவெளியை ஒரு வெட்டில் அழித்துவிட்டு அந்த வாதத்தை வெல்வது எந்தக் கணக்கில் சேரும்?

எண்களுக்கும் இதே கதி நேர்ந்தது. ஓராண்டில் துப்பாக்கியால் கொலையுண்டோர் ஜப்பானில் 39, ஆஸ்திரேலியாவில் 65, பிரிட்டனில் 68, கனடாவில் 165, பிரான்சில் 255, ஜெர்மனியில் 381, அமெரிக்காவிலோ 11,127 என்று படம் அடுக்குகிறது. கேட்டவர் திடுக்கிடுகிறார், கனடாவைவிட அறுபத்தேழு மடங்கல்லவா! ஆனால் அப்போது அமெரிக்க மக்கள்தொகை 28 கோடி. கனடாவின் தொகை 3 கோடி சொச்சம். தலைக்கணக்கில் வகுத்தால் பத்து இலட்சம் பேருக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய 40, கனடாவில் 5. ஏழெட்டு மடங்கு என்பதே நேர்மையான கணக்கு. ஏழெட்டு மடங்கு என்பது சிறிய கொடுமையா? நெஞ்சை உலுக்கப் போதாதா? உண்மையே போதுமான வலிமையுடன் இருக்கும்போது அதன்மேல் ஏன் மிகையை ஏற்றவேண்டும்?

படத்தின் தலைப்பே இதற்கொரு சான்று. கொலைகாரர் இருவரும் அன்று காலை பந்துருட்டும் வகுப்புக்குப் போய் விளையாடிவிட்டே வந்தனர் என்ற செய்தியின்மேல் அத்தலைப்பு எழுந்தது. அன்று அவர்கள் வகுப்புக்கே வரவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. கொலம்பைனைப் பற்றிப் பத்திரிகைகள் பரப்பிய வேறு பல கதைகளும் அவ்வாறே பொய்த்தன என்பதை டேவ் கல்லன் 2009இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துக்காட்டியது. வதந்தியை விற்கும் செய்தித்துறையைக் கண்டிக்க வந்த படம், தன் பெயரையே ஒரு வதந்தியிடம் கடன் வாங்கியிருந்தது!

இவற்றைச் சுட்டுவதால் படத்தின் உள்ளுண்மை பொய்யாகிவிடாது. ஆனால் வேறொரு தீங்கு நேர்ந்துவிட்டது. கட்டுப்பாட்டை எதிர்ப்போர், படத்தின் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய கட்டாயத்திலிருந்து தப்பிவிட்டனர். ‘பாருங்கள், வெட்டி ஒட்டிய பொய்!’ என்று காட்டி, மெய்யையும் சேர்த்தே புதைத்துவிட அவர்களுக்கு வழி கிடைத்தது.

படத்தில் நேர்மையான வெற்றியும் ஒன்று உண்டு. கொலம்பைனில் சுடப்பட்டு, உடலில் இன்னும் குண்டுகளைச் சுமந்திருந்த இளைஞர் இருவரை அழைத்துக்கொண்டு, அக்குண்டுகள் விற்கப்பட்ட கேமார்ட் கடைத்தொகுதியின் தலைமையகத்துக்கு மூர் செல்கிறார். விற்ற பொருளைத் திருப்பிக்கொடுக்க வந்திருக்கிறார்கள்! நிறுவனம் தடுமாறுகிறது. மறுபடி அவர்கள் சென்றபோது, கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் விற்பனையை 90 நாளில் நிறுத்திவிடுவதாக அறிவிக்கிறது. அங்கே அச்சமூட்டும் இசையில்லை, எண்களின் மிகையில்லை. காயம்பட்ட உடல் ஒன்றே பேசியது. ‘துப்பாக்கி காரணமல்ல, அச்சமே காரணம்’ என்று அதுவரை சொல்லிவந்த படம், தோட்டாவை நிறுத்தினால் உயிர் பிழைக்கும் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறது. கைத்துப்பாக்கிகளைப் பதிந்தாகவேண்டும் என்ற விதி கனடாவில் 1934 முதலே இருந்து வந்தது என்பதையும் படம் சற்று அழுத்திச் சொல்லியிருந்தால் இந்த முரண்பாடே நேர்ந்திராது. அச்சமும் ஆயுதமும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஒன்றை மட்டும் பேசினால் கணக்கு முடிவதில்லை.

திரையில் தோன்றாத மரணங்கள்

அச்ச வாணிகத்தின் மிகக் கொடிய விளைவு, அது எந்த மரணங்களைக் காட்டாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். இவர்களுள் கொலையுண்டோர் 20,958. தம் கையாலேயே தம்மை மாய்த்துக்கொண்டோர் 26,328 பேர்! பாதிக்கு மேற்பட்ட மரணங்களுக்குக் கொள்ளையனும் காரணமல்லன், அந்நியனும் காரணமல்லன். காப்பதற்கென்று வாங்கி அலமாரியில் வைத்த ஆயுதம், மனமுடைந்த ஒரு பொழுதில் வீட்டாரையே கொண்டுபோயிற்று. துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்வோரில் பத்தில் எட்டொன்பது பேர் பிழைப்பதில்லை; மனம் மாறவும் அது நேரம் கொடுப்பதில்லை. இந்த மரணங்கள் மாலைச் செய்தியில் வருவதில்லை.

வாதமும் செய்தியின் பின்னாலேயே ஓடுகிறது. கூட்டக்கொலை நேர்ந்தால் கேமராக்கள் கூடுகின்றன. படைக்கலம் போன்ற தோற்றமுள்ள நீண்ட துப்பாக்கிகள் திரையை நிறைக்கின்றன. 1994இல் அமெரிக்கா அவ்வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது; 2004இல் தடை காலாவதியானது. மடிக்கும் கைப்பிடி, ஈட்டி பொருத்தும் முனை போன்ற உறுப்புகளைப் பார்த்தே அச்சட்டம் பெரும்பாலும் வரையறை செய்தது. உற்பத்தியாளர் அவ்வுறுப்புகளை நீக்கிவிட்டு ஏறக்குறைய அதே துப்பாக்கியை விற்றனர். 2020இல் நிகழ்ந்த துப்பாக்கிக் கொலைகளில், ரைபிள் வகையால் நிகழ்ந்ததாகப் பதிவானவை ஏறக்குறைய 3 விழுக்காடு. கைத்துப்பாக்கியால் நிகழ்ந்தவை 59 விழுக்காடு. கூட்டக்கொலைகளில் அந்த நீண்ட துப்பாக்கிகள் விளைத்த நாசம் பெரிது என்பதை மறுக்கவில்லை. அவற்றைக் கட்டுப்படுத்துவதற்கு நியாயம் உண்டு. ஆனால் நாள்தோறும் உயிர் குடிக்கும் கைத்துப்பாக்கியும், வீட்டில் பூட்டாமல் கிடக்கும் ஆயுதமும் வாதத்தின் ஓரத்திலேயே கிடக்கின்றன.

மறுபக்கத்து அச்ச வாணிகமும் சளைத்ததன்று. 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது உலகமே அழுதது. ‘அரசு உங்கள் துப்பாக்கியைப் பறிக்க வருகிறது’ என்ற கூச்சல் உடனே எழுந்தது. துப்பாக்கி வாங்குவோருக்காகச் செய்யப்படும் பின்னணிச் சோதனைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 27 இலட்சத்தைத் தாண்டின. அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது. சோதனைகளை விரிவாக்கும் எளிய மசோதாவோ, 2013 ஏப்ரலில் செனட் சபையில் 54 பேர் ஆதரித்தும், தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் வீழ்ந்தது. கொள்ளைநோயும் கலவரமும் தேர்தலும் சேர்ந்து வந்த 2020இல் அச்சோதனைகள் 3 கோடியே 90 இலட்சத்தைக் கடந்தன. குற்றவாளிக்கு அஞ்சியவன் கடைக்கு ஓடினான். தடைக்கு அஞ்சியவனும் அதே கடைக்கு ஓடினான். இருவரும் எதிரெதிர்க் கட்சிகள் என்று நாம் எண்ணுகிறோம். கல்லாவில் அமர்ந்திருப்பவர் அப்படி எண்ணுவதில்லை.

கிறைஸ்ட்சர்ச்

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் தொழுகைக்கு வந்திருந்தவர்கள்மேல் ஒருவன் துப்பாக்கிச்சூடு நடத்தினான். 51 பேர் உயிர்நீத்தனர். வாயிலில் நின்ற முதியவர் ஒருவர், துப்பாக்கியோடு வந்தவனைச் சகோதரனே என்று விளித்து வரவேற்றார் என்பதை உலகம் அறியும். அவருக்கு அச்சமில்லை. அச்சம் முழுவதும் கொன்றவனிடம் இருந்தது. வெள்ளையரின் இடத்தை அந்நியர் கைப்பற்றிக்கொள்கிறார்கள் என்ற பொய்யச்சத்தை உண்டு வளர்ந்தவன் அவன். தன் அறிக்கைக்கே அந்தப் பெயரை இட்டவன். தான் செய்வதை உலகம் பார்க்கவேண்டும் என்பதற்காக முகநூலில் நேரடியாக ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அதன் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. செய்தியாவதே அவனுடைய நோக்கம்.

நியூசிலாந்து இதற்கு அளித்த விடையை மூரின் படத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், கொலைகாரனின் பெயரைத் தம் வாயால் உச்சரிப்பதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இழந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்நாட்டின் முதன்மைச் செய்தி நிறுவனங்கள் ஐந்தும் கூடி, வழக்கு நடக்கும்போது கொலைகாரனின் கொள்கை விளம்பரத்துக்குத் தம் பக்கங்களில் இடமளிப்பதில்லை என்று தமக்குத்தாமே வரையறை செய்துகொண்டன. ஆறே நாளில் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 10 அன்று, 119 பேர் ஆதரிக்க ஒருவர் மட்டுமே எதிர்க்க, சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பருக்குள் 56,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்துத் திரும்பப் பெற்றது. அச்சத்தைப் பெருக்காமலே கட்டுப்பாட்டைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அங்கும் எல்லாம் சரியாக இருந்துவிடவில்லை. அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, கொலைகாரனுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கியபோது காவல்துறை உரிய முறைகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று கண்டது. உளவுத்துறைகள் தம் வளங்களை அளவுக்கு மீறி முஸ்லிம் தீவிரவாதம் என்ற ஒரே திசையில் குவித்திருந்தன என்றும் சொன்னது. அந்தப் பார்வைக் கோளாறு இல்லாதிருந்தாலும் இந்தக் கொலைகாரனை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியும் என்று சொல்வதற்கில்லை என்பதையும் ஆணையம் மறைக்காமல் எழுதியது. மூர் கற்றுக்கொண்டிருக்கவேண்டிய நேர்மை அதுவே. தன் வாதத்துக்கு வலிவு குறையும் இடத்தையும் சேர்த்தே சொல்வதால்தான் அவ்வறிக்கையின் கண்டனம் எவராலும் தட்டிக்கழிக்க முடியாததாகிறது. அச்சம் எத்திசையைக் காட்டியதோ அத்திசையையே காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது.

முடிவுரை

‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ பார்க்கத்தக்க படமே. வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து, இடையிடையே நிறுத்திப் பேசத்தக்க படமும்கூட. அச்சம் ஒரு விற்பனைப் பொருள் என்பதை இத்தனை எளிமையாக எடுத்துரைத்த படைப்புகள் மிகச் சிலவே. அதன் குறையோ, தான் எதிர்த்து நின்ற வாணிகரின் தராசையே கைமாற்றாக வாங்கிக்கொண்டது.

நம் வீட்டுக் கூடத்திலும் தொலைக்காட்சி இருக்கிறது. கைப்பேசியில் அதைவிட விரைவாகச் செய்தி வருகிறது. அச்சமூட்டும் ஒரு செய்தி வந்தால், அந்த எண்ணை எதால் வகுத்தார்கள், அந்தப் பேச்சு எந்த ஊரில் எந்த நாளில் பேசப்பட்டது என்று கேட்டுப் பழகவேண்டும். நமக்கு எதிராக வரும் செய்தியிடம் இப்படிக் கேட்பது எளிது. நமக்கு உவப்பான செய்தியிடமும், நம் கட்சியை வெல்ல வைக்கும் படத்திடமும் அதே கேள்வியைக் கேட்கவேண்டும். பொய்யச்சம் எவ்வளவு தொலைவு போகும் என்பதைக் கிறைஸ்ட்சர்ச்சில் தம்மவரை அடக்கம் செய்த குடும்பங்கள் அறிந்திருக்கின்றன. சார்லட் நகரத்து முழக்கத்தை டென்வர் முழக்கமாகக் கேட்டுக் கொதித்தெழுந்த நல்லெண்ணம் கொண்ட இலட்சக்கணக்கானோர், தாமும் ஏமாற்றப்பட்டதை அறியாமலே அரங்கைவிட்டு எழுந்து சென்றார்கள்.